நூல் சுற்றாத அம்பு

இறகில் இடது வலது உண்டு என்பது பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது. பறவையின் இடது சிறகில் முளைத்தது ஒரு பக்கம் வளையும், வலது சிறகில் முளைத்தது மறுபக்கம் வளையும். ஒரே அம்பில் இரண்டையும் கலந்து ஒட்டினால் அம்பு குடிகாரன் மாதிரித் தள்ளாடிப் போகும். இதை இறகு மேஸ்திரிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து யார் சொல்லித் தருவார்கள்? வான்கோழி உரிக்கும் கொட்டகையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கணுக்கால் அளவு ரத்தத் தண்ணீரில் நின்று, கழிவுத் தொட்டிக்குப் போகிற சிறகுகளைப் பொறுக்கி வந்து, எவனோ ஒடித்துப் போட்ட அம்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்து, நாற்பது அம்பைப் பாழாக்கி, நாற்பத்தோராவது அம்பில் தானாகவே கண்டுபிடித்தார். படித்தவர்கள் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்ததை அவர் விரல் நுனியில் தேடினார். அவருக்குத்தான் முதலில் கிடைத்தது.

அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம் அந்த வட்டாரத்தில் வேட்டைக்கு வில் எடுத்த எவனும் அவர் வாசலை மிதிக்காமல் போனதில்லை. கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று, சமையலறைக்குப் பின்னால் பட்டறை என்று வீடு எழும்பியது. வந்தவர்களிடம் சுவரைத் தட்டிக் காட்டி, செங்கல்லைவிட இதில் இறகுதான் ஜாஸ்தி என்பார். பட்டறை ஜன்னலோரம் நீளமான பலகை. அதன்மேல் நீல மூடி போட்ட டப்பாவில் இடது இறகு, மஞ்சள் மூடி போட்டதில் வலது இறகு. உப்புத்தாள், பிளேடு, பசைக் கிண்ணம். ஒட்டிய இறகை வடிவத்துக்குக் கொண்டுவர, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓரத்தைச் சுடுவார். தலைமுடி பொசுங்குகிற வாடை வீடு முழுக்க அடிக்கும். விருந்தாளி யாராவது மூக்கைச் சுளித்தால், அது எங்க வீட்டு சென்ட்டு என்று மனைவி சிரிக்காமல் சொல்லுவாள்.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. இறகின் தண்டை நடுவில் சீராகப் பிளப்பது அவள் வேலை. பிளந்த பாதியின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தகடாக்கி, ஐந்து அங்குலத்துக்கு நறுக்கி, ஒரு வெள்ளை இரண்டு சிவப்பு என்று அம்புக்கு மூன்று வைத்து ஒட்டுவது மேஸ்திரியின் வேலை. முதல் இருபத்திரண்டு வருஷம் அதோடு முடியவில்லை. இறகின் முன்நுனியில், தண்டு ஊசியாகக் குறுகும் இடத்தில், மெல்லிய நூலை நெருக்கிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேலும் ஒரு சொட்டுப் பசை வைப்பார்கள். அந்த நூலும் அவள் கைதான்.

நூல் எதற்கென்றால், பழைய மாதிரி வில்லில் அம்பை வைக்கத் தனியாக மேடை கிடையாது. வில்லைப் பிடித்த இடது கையின் மேலேயேதான் அம்பு உட்கார்ந்திருக்கும். நாணை விட்டால் அம்பு முழுசும் கட்டைவிரல் அடியை உரசிக்கொண்டு போகும், இறகும் சேர்ந்து. இறகின் முன்நுனி மயிரிழை தூக்கிக்கொண்டு இருந்தாலும் போதும், தண்டு சதைக்குள் இறங்கிவிடும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரி நூலை நிறுத்தினார். புதிதாக ஒரு பசைக் கலவை பிடித்திருந்தார், அந்த மமதை. நூல் சுற்றுவது பசைமேல் நம்பிக்கை இல்லாதவன் பார்க்கிற வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வில் கடைக்காரர் ஒருத்தர்தான் அதெல்லாம் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார்.

“என் பசை ஒட்டினா ஒட்டினதுதான்யா. எங்க வீட்டு மச்சினனையே இருபது வருஷமா பிரிக்க முடியல, பாரு” என்றார் மேஸ்திரி.

கடையே சிரித்தது. மச்சினனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்; எல்லோரையும்விட அவன்தான் பலமாகச் சிரித்தான்.

அவன் மேஸ்திரி மனைவியின் தம்பி. தாயில்லாப் பிள்ளை. அக்கா கல்யாணமாகி வந்தபோது நாலு வயசு, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே கூட வந்து இறங்கினான். அப்புறம் போகவே இல்லை. மாடி அறை அவனுக்கென்றே கட்டியது. குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை. கல்யாணப் பேச்சு எடுத்தால் காட்டுப்பன்றிக்குக் கல்யாணமாகட்டும், அப்புறம் எனக்குப் பார்க்கலாம் என்று நழுவிவிடுவான். பழத்தோட்டங்களில் பன்றி புகுந்து வேரோடு கிளறிப் போட ஆரம்பித்தால் தோட்டக்காரர்கள் முதலில் தேடி வருவது அவனைத்தான். வேட்டைப் பருவம் திறந்தால் லீவு போட்டுவிட்டு வில்லோடு கிளம்பிவிடுவான். நாற்பது அடியில் அவன் விட்ட அம்பு தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

வில் பிடிக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. அம்பை நாணில் கோப்பதற்கு முன்னால் நகத்தால் இறகின் முன்நுனியை ஒரு தடவு தடவிப் பார்ப்பார்கள். இமை மூடித் திறக்கிற நேரம்கூட ஆகாது. மச்சினன் மட்டும் தடவமாட்டான். கேட்டால், “அடுத்தவன் ஒட்டினதுன்னா தடவுவேன். இது எங்க அத்தான் ஒட்டினது” என்பான்.

அந்தப் பேச்சு மேஸ்திரி காதுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு ஒரு சாண் உயரும்.

நூலை நிறுத்திய பத்தாவது வருஷம், பருவம் திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் வெளியூர் வேட்டைக்காரர் ஒருத்தர் வில் கடைக்கு வந்தார். இரண்டு டஜன் அம்பு வேண்டும், ஆனால் மூன்று நாளில் யாராலும் முடியாதாமே என்றார். யாராலும் முடியாது என்ற சொல்லை மேஸ்திரி முன்னால் சொன்னதுதான் வினை. இரண்டு டஜன் என்ன, இரண்டரை டஜன் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எண்ணி எடுத்துக்கொள், மிச்ச ஆறு எங்கள் வீட்டுப் பையனுக்கு என்று நாலு பேர் நடுவில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

குச்சிகளுக்கு வார்னிஷ் அடித்தால் நாலு நாள் காய வேண்டும். மேஸ்திரிக்குத் தெரியாததா? அவருக்குத் தெரிந்ததைத்தான் ஊரே பின்பற்றியது. வியாழன் அடித்ததைச் சனிக்கிழமை காலையே எடுத்து ஒட்ட உட்கார்ந்தார். மனைவி ஒரு குச்சியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் பிசுபிசுக்கிறதே என்றாள். நூலாவது சுற்றித் தருகிறேன், கூட ஒரு மணி நேரம்தானே ஆகும் என்று நூற்கண்டையும் எடுத்து வந்தாள். எனக்கே சொல்லித் தருகிறாயா என்று ஒரு பார்வை பார்த்தார். அவள் கண்டைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மாலைக்குள் முப்பது அம்பும் முடிந்தது. பசை வார்னிஷைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வார்னிஷ் மரத்தைப் பிடித்ததா என்று அவர் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் மச்சினன் இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். பன்றியைக் கிழிக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது என்றான். தெருமுனை மருத்துவமனையில் கழுவி, நாலு தையல் போட்டு, ஊசி குத்தி அனுப்பினார்கள். வில் பிடிக்கிறவனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியலையே என்று மேஸ்திரி கேலி செய்தார். சிரித்தான்.

புதன்கிழமை கை பூசணி மாதிரி வீங்கியது. வியாழன் விடிவதற்குள் காய்ச்சல் அனலாய்க் கொதிக்க, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்காக்காரி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாற்றுச் சட்டை எடுத்து வரச் சொல்லி மேஸ்திரியை அனுப்பினாள்.

மாடி அறையில் கதவுக்குப் பின்னால் அம்புக்கூடு தொங்கியது. சட்டையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போயிருக்கலாம். ஆனால் தன் கைவேலை கண்ணில் பட்டால் தொட்டுப் பார்க்காமல் அவரால் நகர முடியாது. ஆறு அம்பையும் உருவினார். மூன்றாவது அம்பில் கீழ்ப்பக்கச் சிவப்பு இறகு முன்னால் ஓர் அங்குலத்துக்கு இல்லை. இருந்த இடத்தில் வார்னிஷ் தோலாக உரிந்து, கீழே மரம் வெள்ளையாகத் தெரிந்தது. உரிந்த ஓரத்தில் ரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது.

அந்த ஓர் அங்குலம் எங்கே போயிருக்கும் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி குழாயடிக்குப் போயிருந்தாள். மச்சினன் கண்ணைத் திறந்து, அருகில் வரச் சொல்லிச் சைகை காட்டினான்.

“அத்தான், கத்தி இல்ல. அம்பு கீறிடுச்சு.”

மேஸ்திரி சட்டையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

“யார்கிட்டயும் சொல்லல. கடையில தெரிஞ்சா உங்க பேரு என்னாகறது? டாக்டர்கிட்டயும் கத்தின்னுதான் சொல்லியிருக்கேன். அக்காவுக்கும் தெரியாது. நீங்க கவலைப்படாதீங்க.”

கீறிவிட்டுப் போயிற்று என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒன்று தங்கியிருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை. அத்தான் ஒட்டியது அப்படிப் பிய்ந்து வராது. மேஸ்திரி அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருந்தால் போதும். அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“நல்லது பண்ணினே, மாப்ளே.”

இந்த மூன்று சொல்லைத்தான் அவர் பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பழத்தோட்டத்துக்குப் போனார். தோட்டக்காரரிடம், பையன் எங்கே நின்று அம்பு விட்டான், ஒரு சாமான் விழுந்துவிட்டது என்றார். கடைசி வரிசைக்குப் பக்கத்தில், பன்றி கிளறிய குழி ஒன்றைக் காட்டினார். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டி போட்டார். ஐம்பத்தெட்டு வயசு, முட்டியில் வாயு. சிவப்பாக ஓர் அங்குலம் புல்லில் கிடந்துவிட்டால், கையில் இல்லை என்று அர்த்தம். கையில் இல்லையென்றால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புல்லை வகிடெடுத்த மாதிரிப் பிரித்துப் பிரித்துத் தேடினார். வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. என்ன சாமான் என்று தோட்டக்காரர் இரண்டு தரம் கேட்டார், மூன்றாம் தரம் கேட்காமல் போய்விட்டார். யார் முன்னாலும் இடுப்பை வளைக்காத மனுஷர் அன்று அரை நாள் நாலு காலில் தவழ்ந்தார்.

கிடைத்தது. காய்ந்த சருகுக்கு அடியில் சிவப்பாக. எடுத்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உற்றுப் பார்க்கவில்லை. ஆயிரம் இறகைத் தொட்டுப் பார்த்தே இடது வலது சொல்கிறவர், அந்த ஒன்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

சாயங்காலம் டாக்டரம்மா வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். படம் எடுத்துப் பார்த்தோம், எலும்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, மருந்தும் கேட்கமாட்டேன் என்கிறது, என்ன கத்தி, துருப்பிடித்ததா என்றார். இறகுத் தண்டு அந்தப் படத்தில் விழாது. மேஸ்திரிக்கு அது தெரியாது. ஆனால் டாக்டரம்மாவுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. பையில் இருந்த சிவப்பைத் துணியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேட்டைக் கத்திதான், துருவெல்லாம் இல்லை என்றார்.

சனிக்கிழமை மாலை மனைவி குளித்து வர வீட்டுக்கு வந்தாள். அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையைத் துழாவினாள். அந்தச் சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“இது எங்க கெடந்துச்சு?”

“தோட்டத்துல. சும்மா பொறுக்கினேன்.”

விரலால் ஒரு தடவு தடவினாள். முப்பது வருஷமாகத் தண்டு பிளந்த விரல்.

“மெத்துனு தூவிதான் இருக்கு. தண்டு எங்கங்க?”

அவர் பலகையைப் பார்த்தார்.

“தண்டு எங்கன்னு கேக்கறேன்.”

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். மேஸ்திரி பின்னாலேயே ஓடினார். ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மா முன்னால் நின்றதும் ஒதுங்கி வழி விட்டாள். அவர் வாயால்தான் வர வேண்டும் என்று நின்ற மாதிரி இருந்தது.

மேஸ்திரி சொன்னார். கத்தி இல்லை, தன் அம்பு. ஓர் அங்குலத் தண்டு உள்ளே இருக்கிறது, சிவப்புச் சாயம் ஏற்றியது, கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாகப் போயிருக்கும். எப்போது தெரியும் என்று டாக்டரம்மா கேட்டார். வியாழக்கிழமை என்றார். டாக்டரம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“வியாழக்கிழமையே சொல்லியிருந்தா கை முழுசா இருந்திருக்கும்” என்றார். வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

தண்டு எடுத்தார்கள். ஓர் அங்குலம்கூட இல்லை, முக்கால்தான். சொன்ன இடத்திலேயே இருந்தது. அந்த விஷயத்தில் மேஸ்திரியின் கணக்கு என்றைக்கும் தப்பாது. முதலில் கட்டைவிரல் போயிற்று. அதோடு நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. அடுத்த வாரம் உயிரா கையா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டது அக்கா. மணிக்கட்டுக்கு மேல் நாலு விரற்கடை விட்டு எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் மச்சினன் கட்டைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“நீங்க தோட்டத்துக்குப் போய்த் தேடினீங்களாமே அத்தான். அக்கா சொன்னா.”

“ஆமா.”

“அப்பவே தெரியுமா?”

“அதுக்கும் முந்தின நாளே தெரியும்.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் இன்றுவரை அவரை அத்தான் என்று கூப்பிட்டதில்லை. சண்டையும் போடவில்லை. பேச வேண்டியது இருந்தால் பேசுவான், மொட்டையாக.

மேஸ்திரி மறுநாள் வில் கடைக்குப் போனார். வெளியூர்க்காரருக்குச் சொல்லியனுப்பி அந்த இரண்டு டஜனையும் திரும்ப வரவழைத்தார். எல்லோரும் இருக்கும்போது ஒவ்வோர் அம்பாக எடுத்து இறகின் முன்நுனியில் நகத்தை வைத்துத் தள்ளினார். இருபத்து நாலில் ஐந்து தூக்கிக்கொண்டது. ஐந்து பேர் கை என்று உரக்கவே சொன்னார். பையன் கத்தி என்று சொன்னது பொய், தன் பேருக்காகச் சொன்ன பொய், அதைத் தானும் இரண்டு நாள் காப்பாற்றியதாகவும் சொன்னார். அட விடுங்கள், கை தவறுவது எல்லோருக்கும் உள்ளதுதானே என்று ஒருவர் ஆரம்பித்தார். கடைக்காரர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் மேஸ்திரி பேசினால் யாராவது சிரிப்பார்கள். அன்று மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இருபத்து நாலையும் அங்கேயே முழங்காலில் வைத்து ஒடித்தார்.

தொழிலை விட்டுவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். விடவில்லை. விட்டுவிட்டு எதைத் தின்பது, வீட்டில் மூன்று வயிறு. ஆனால் நூல் திரும்ப வந்தது. மனைவி தண்டு பிளந்து தருகிறாள், நூலை மட்டும் தொடுவதில்லை. அதை அவரே சுற்றுகிறார், பதினைந்து சுற்று. சில நாள் மச்சினன் மாடியிலிருந்து இறங்கி வந்து பட்டறை வாசலில் நிற்பான். சட்டையின் இடது கையை மடித்து ஊக்குக் குத்தியிருக்கும். சுற்றுவதைப் பார்ப்பான். போய்விடுவான். கிடங்கில் அவனுக்கு இப்போது வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிற வேலை.

அம்பு காய்ந்ததும் மேஸ்திரி கொல்லைக்குப் போகிறார். வாங்க வருகிறவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். சுவரோரம் வைக்கோல் கட்டு ஒன்று இருக்கிறது. மச்சினனின் வில்லை எடுத்துக்கொள்கிறார். அது அவர் வயசுக்குக் கனமான வில். இழுக்கும்போது தோள் நடுங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்களேன் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார், காதில் வாங்கவில்லை. நுனியை நகத்தால் தடவுகிறார், அம்பை வெறும் இடது கைமேல் வைக்கிறார், விடுகிறார். கட்டைவிரல் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த அம்பை எடுக்கிறார். இருபத்து நாலு என்றால் இருபத்து நாலு தடவை.

மனைவி சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை.